தையல்நாயகி சிரித்த ஆடி அமாவாசை

பிள்ளையார்பாளையத்தில் தையல்நாயகி சிரித்தால் மூன்றாவது வீட்டுத் தறி நின்றுவிடும். என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கை ஓடாது. அழகான சிரிப்பு என்று யாரும் சொன்னதில்லை. முதலில் விக்கல் மாதிரி ஒன்று வரும். பிறகு தோள் குலுங்கும். அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். கடைசியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, போதும் போதும் என்று கையை ஆட்டுவாள். விஷயமே தெரியாமல் உள்ளே வருகிறவர்கள்கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அப்புறம்தான் “இன்னா ஆச்சி?” என்று கேட்பார்கள்.

அந்தச் சிரிப்பை அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. வாலாஜாபாத்தில் அவள் பிறந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள். தகப்பனார் முகத்தைப் பார்த்தால் பால் திரிந்துவிடும். அங்கே யாராவது பல்லைக் காட்டினால் “இன்னா இளிப்பு?” என்று முதுகில் ஒன்று விழும். பதினேழு வயதில் கந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குச் சிரிக்கவே தெரியாது என்றுதான் சொல்லவேண்டும்.

கல்யாணமான ஐந்தாம் நாள் கந்தன் அவளைத் தறியில் உட்காரச் சொன்னான். தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறி. அவள் காலை இறக்கப் போனபோது கந்தன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னான்: “இரு இரு. குழியில ஒரு தவள இருக்குது. எங்க தாத்தா காலத்துத் தவள. புதுசா வர்றவங்க பேர் சொன்னாத்தான் கால வைக்க விடும். இல்லேன்னா கட்ட வெரல கடிச்சிடும்.” அவள் நம்பினாள். குழிக்குள் குனிந்து, “எம்பேரு தையல்நாயகி, வாலாஜாபாத்து” என்று மெதுவாகச் சொன்னாள். தவளைக்குக் காது மந்தம் என்றான். இன்னும் சத்தமாகச் சொன்னாள். அப்பன் பேரையும் கேட்கும் என்றான். அதையும் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால் மாமியார் வாசற்படியில் நிற்கிறாள், கந்தன் தறித்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்குகிறான். அன்றைக்குத்தான் அந்த விக்கல் முதல்முதலாக வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் மாமியார் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதிலிருந்து இருபத்துமூன்று வருஷம் இருவரும் அந்தத் தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உடம்பு ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குறுக்கு நூல் சுற்றிய நாடாவை உடம்புக்குத் தள்ளினால், அந்தப் பக்கக் கரைக்கு மற்றவர் தள்ளவேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து பலகையை இழுத்து இழையை நெருக்கி அடிக்கவேண்டும். ஒரு கை பிசகினால் கோர்வை பிசகும். ஆகவே அவன் கை எப்போது தளரும், எப்போது முறுகும் என்பதெல்லாம் அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்காமலே தெரியும். தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அமாவாசை அன்று தறி ஓடாது. நெசவாளிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அமாவாசைதான். அன்றைக்குத் தறியைத் துடைத்து, திருநீறு இட்டு, கற்பூரம் காட்டிவிட்டு, இரண்டு வீட்டார் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இரண்டாவது வீடு எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் வீடு. அவரும் கந்தனும் அரைஞாண் கயிற்றோடு தெருவில் ஓடிய காலத்துச் சிநேகிதர்கள். அவர் மனைவி அலமு. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஒரு அமாவாசை அன்று கந்தன் அவளிடம் மிகவும் கவலையாகச் சொன்னான்: “அலமு, நீ பேச்ச கொஞ்சம் கொறச்சிக்கணும்மா. காலையில நீ பால்காரன கூப்ட்ட சத்தம் வாலாஜாபாத்துல கேட்டு, ரயிலு வந்துடிச்சின்னு ஜனங்க டிக்கெட்டு வாங்கிட்டாங்களாம். ஸ்டேசன் மாஸ்டர் ஆள் அனுப்பிச்சிருக்காரு.” அலமு நிஜமாகவே வாசலை எட்டிப் பார்த்தாள். தையல்நாயகிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சிரிப்பு.

வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயசம். சாப்பிட்டு முடித்ததும் தாமல் கிராமத்திலிருந்து வருகிற வேர்க்கடலையை வேகவைத்துக் கூடத்தின் நடுவில் கொட்டிக்கொண்டு, தோலை யார்மேலாவது எறிந்துகொண்டு பேச்சு. சாயங்காலமானால் சர்வதீர்த்தக் குளக்கரை வரை நடை. அவ்வளவுதான் அவர்கள் கண்ட சுகம். அதைவிடப் பெரிய சுகம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் தையல்நாயகி “போங்க, கெடக்குது” என்றிருப்பாள்.

இனி அறுபத்தெட்டாம் வருஷத்து மாசி மாதத்துக்கு வருகிறேன். இப்போது சொல்லப்போவது தையல்நாயகிக்கு ஆவணியில்தான் தெரிந்தது. ஆனால் நமக்கு முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும். இல்லையென்றால் இதற்குப் பிறகு வருகிற சிரிப்பெல்லாம் வெறும் சிரிப்பாகப் போய்விடும்.

மாசி அமாவாசை அன்று காலையில் கந்தனும் கலியாணசுந்தரமும் கடைத்தெருவரை போய்வருவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் போனார்கள். போனது டாக்டரிடம். பொங்கலிலிருந்தே கந்தனுக்குக் குழியிலிருந்து எழுந்தால் மூச்சு வாங்கியது, நெஞ்சில் ஏதோ அடைத்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், முதுகில் வைத்துப் பார்த்தார், மறுபடி நெஞ்சில் வைத்துப் பார்த்தார். இதயம் மிகவும் பழுதாகியிருக்கிறது என்றார். தறியில் உட்காரவே கூடாது, ஆறு மாதம் படுக்கையும் மாத்திரையும், சொன்னபடி கேட்டால் பேரன் பேத்தி கல்யாணத்தைப் பார்க்கலாம், கேட்காவிட்டால் ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பில்லை என்று அப்பட்டமாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்பினால் தையல்நாயகி தெருவுக்கே ஓடி வந்தாள். கையில் தபால் கார்டு. போன வருஷம் ஆரணியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் மங்கையர்க்கரசி முழுகாமல் இருக்கிறாளாம். “தாத்தா! யோவ் தாத்தா!” என்று நடுத்தெருவில் புருஷனைக் கூப்பிட்டுவிட்டு, வெட்கம் தாங்காமல் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு சிரித்தாள். கந்தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கலியாணசுந்தரம் அவனைப் பார்த்தார். “இன்னிக்கு வேணாம்டா” என்றான் கந்தன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அட மனுஷா, அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே நாளில் ஒரு வீட்டுக்குள் வரக்கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா? இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் ஆத்திரம் வருகிறது. ஆனால் அவன் அப்படித்தான். அவள் முகத்திலிருந்து சிரிப்பைத் தன் கையால் எடுக்கிற தைரியம் அவனுக்கு இருந்ததில்லை. மாத்திரையைக் கலியாணசுந்தரம் வீட்டு ஜரிகைப் பெட்டியில் வைத்துக்கொண்டான். சாயங்காலமானால் “சுந்தரத்த பாத்துட்டு வர்றேன்” என்று போய் விழுங்கிவிட்டு வருவான். அலமுவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சிநேகிதனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அலமுவிடம் சொன்னால் அப்புறம் சொல்லவேண்டியதே இல்லையே. தறியை மட்டும் அவன் விடவில்லை. விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பாளே.

பங்குனி பிறந்தது. ஏகாம்பரநாதர் கோயில் கல்யாண உற்சவம் முடிந்த வாரம், ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். தையல்நாயகிக்குக் கையில் என்னவோ வித்தியாசமாகப் பட்டது. பலகை எப்போதும் போல வந்து விழவில்லை.

“இன்னாங்க, பலகைய இழுக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?” என்றாள்.

கந்தன் ஒரு நாடாவைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: “நீதான போன வாரம் தோளு வலிக்குதுன்ன? நான் வேகமா இழுத்தா உன் கையும் கூடவே வரணும். அதான் மெதுவா இழுக்கறேன்.”

தையல்நாயகி கேலியை எதிர்பார்த்திருந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி இல்லை. இருபத்துமூன்று வருஷத்தில் அவன் அவளை எவ்வளவோ சிரிக்க வைத்திருக்கிறான், ஆனால் இந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. “ம்க்கும்” என்றாள். அடுத்த இழைக்குப் பலகையை அவனோடு சேர்ந்து மெதுவாக இழுத்தாள்.

சந்தோஷத்தை மடியில் கட்டி வைத்துக்கொள்கிறவள் இல்லை தையல்நாயகி. விளக்கு வைப்பதற்குள் எதிர்வீட்டுக்குப் போய் அலமுவிடம் சொல்லிவிட்டாள். அலமு மெதுவாகப் பேசுகிறவள் இல்லையென்று முன்னமே சொன்னேன். மறுநாள் குழாயடியில் தெருவே கேட்டது. “தையலு, உன் வூட்டுக்காரரு தறிய நெய்யிறாரா, தாலாட்டுறாரா?” “எம்புருசன் அடிக்கிற அடியில எங்க வூட்டு ஓடு பேந்துக்கினு வருது. அவரக் கொஞ்சம் எங்க வூட்டுக்கு அனுப்பி சொல்லிக் குடுக்கச் சொல்லு.” நாற்பது வயதில் தையல்நாயகி புதுப்பெண் மாதிரி முகம் சிவந்து, குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

அப்புறம் அவள் செய்ததுதான் பெரிய தவறு. புருஷனோடு தறியில் உட்காராத எந்தப் பெண்ணும் அதைச் செய்திருக்க முடியாது. எனக்காக இவர் மெதுவாக இழுக்கிறார்; அதனால் நெசவு தளர்ந்து, நூல் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி புடவையைத் தடவிப் பார்த்து இவரை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அவன் விட்ட பலத்தைத் தன் கையால் போட ஆரம்பித்தாள். அவன் கையை வைக்கிற நேரத்தில் அவள் தன் பக்கத்திலிருந்து உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தாள். தோள்வலி இரட்டிப்பானது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் மெதுவாக இழுப்பான். புடவைகள் பழையபடி கெட்டியாகவே முதலாளியிடம் போயின. ஒரே ஒரு புடவை தளர்ந்து போய், அவர் அதைக் கந்தன் மூஞ்சியில் எறிந்திருந்தால், விஷயம் பங்குனியிலேயே வெளியே வந்திருக்கும்.

சித்திரை அமாவாசைக்கு அலமு வீட்டில் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. அதைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வைகாசி அமாவாசைக்கு, ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த தையல்நாயகியின் தங்கை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தானாகப் படியேறி வந்தாள். அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள், பிறகு பழைய சண்டைக்குக் காரணம் என்ன என்று இருவருக்குமே சரியாக ஞாபகம் வராமல் சிரித்தார்கள். ஆனியில் மங்கையர்க்கரசிக்கு வளைகாப்பு. ஒவ்வொரு தடவையும் கலியாணசுந்தரம் கந்தனைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டார்.

“சொல்லிட்டியாடா?”

“இன்னிக்கு எப்டிடா? பாரு, எவ்ளோ சந்தோசமா இருக்கறா.”

“அவ என்னிக்குடா சந்தோசமா இல்ல? நீ என்னிக்கு சொல்லப்போற?”

“சுந்தரம், ஒண்ணு சொல்றேன் கேளு. உனக்காகத்தான் மெதுவா அடிக்கறேன்னு சொல்லிட்டேன். தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறா. இப்ப போய், உனக்காக இல்லடி, என்னால முடியாமத்தான் மெதுவா அடிச்சேன்னு சொன்னா, அவ மூஞ்சி இன்னா ஆவும்?”

ஆடி பிறந்தபோது கந்தனின் கணுக்கால் வீங்கியிருந்தது. குழியில் காலைத் தொங்கப்போட்டே இருப்பதால் என்று தையல்நாயகி நல்லெண்ணெய் தடவினாள். கலியாணசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. “ஆடி அமாவாசைக்குள்ள நீ சொல்லலேன்னா சத்தியமாவது ஒண்ணாவது, நானே சொல்லிடுவேன்” என்று கெடு வைத்தார்.

ஆடி அமாவாசை. காலையில் கந்தன் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தான். வருகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்ததைக் கலியாணசுந்தரம் மட்டும் பார்த்தார். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டார்கள். மங்கையர்க்கரசி வளையல் குலுங்க, தூணில் சாய்ந்து, வயிற்றின்மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பாயசம் குடித்தாள். “பாத்தியா, பேரன் இப்பவே தட்டு ஏந்திக்கினு நிக்கிறான்” என்றான் கந்தன். அதற்கு ஒரு சிரிப்பு. வேர்க்கடலை வந்தது. அலமு யாரையோ திட்டிய கதையைச் சொன்னாள். அதற்கு ஒரு சிரிப்பு. கலியாணசுந்தரம் சிநேகிதனையே பார்த்துக்கொண்டிருந்தார். கந்தன் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினான். பிறகு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“தையலு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“மாசி மாசமே டாக்டரு சொல்லிட்டாரு. எனக்கு நெஞ்சு பழுதாம். தறியில உக்காரவே கூடாதாம். ஆறு மாசம் படுத்த படுக்கையா இருக்கணுமாம். இல்லேன்னா ஆளு காலியாம்.”

அவனுக்கு அந்த ஒரு முகம்தான் தெரியும். தவளைக் கதை சொன்ன முகம், ஸ்டேஷன் மாஸ்டர் கதை சொன்ன முகம். துக்கத்தைச் சொல்வதற்கென்று தனியாக ஒரு முகம் அவனிடம் இல்லை. வாழ்க்கையில் அதற்கு வேலை வந்ததில்லையே, பாவம்.

தையல்நாயகி ஒரு நொடி பார்த்தாள். “ஆறு மாசம் படுக்கணுமா!” என்றாள். “ஏற்கெனவே பலகைய தடவிக் குடுத்துக்கினு இருக்கறவருக்கு, படுக்கச் சொல்லி டாக்டரு சீட்டு வேறயா! யாருங்க அந்த டாக்டரு, எனக்கும் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்க!” விக்கல் வந்துவிட்டது. தோள் குலுங்கியது. அப்படியே அலமுமேல் சாய்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரித்தாள். அலமு சிரித்தாள். மங்கையர்க்கரசி, “அம்மா, போதும்மா, வயிறு வலிக்குது” என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள். கலியாணசுந்தரமும் சிரித்தார்.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியபோது கந்தன் குரல் கேட்டது. “அது மட்டுமில்ல. படுத்திருக்கறவனுக்கு வேளைக்கு நாலு அதிரசம் சம்சாரம் கையால ஊட்டணுமாம். அதையும் சீட்டுல எழுதிட்டாரு.” மறுபடியும் கூடமே குலுங்கியது. தையல்நாயகிக்கு முந்தானை போதவில்லை.

அதற்குப் பதினோராம் நாள். காலை எட்டு மணி வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. தறியில் அரக்கும் பச்சையுமாக ஒரு கல்யாணப் புடவை, முந்தானைக்கு இன்னும் அரை முழம்தான் பாக்கி. தையல்நாயகி தன் பக்கக் கரைக்கு நாடாவைத் தள்ளிவிட்டு, அவன் பக்கத்திலிருந்து வருவதற்காகக் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நாடா வரவில்லை.

“தள்ளுங்க” என்றாள்.

வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கந்தன் பலகையின்மேல் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தான். அவளுக்கு உதடு துடித்தது. “இன்னா, டாக்டரு சீட்டா?” என்று கேட்டுவிட்டு, முதல் விக்கல் வந்தே விட்டது. கையை நீட்டி அவன் தோளைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நீட்டப் போவதில்லை. பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டில் இருக்கக்கூடாது என்று மங்கையர்க்கரசியை உடனே எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அவளுக்கு அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சன்னல் வழியாக “நைனா, நைனா” என்று அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. காரியம் எல்லாவற்றையும் கலியாணசுந்தரம் முன்னால் நின்று நடத்தினார். பாடை கட்டினதிலிருந்து பதினாறாம் நாள் சாப்பாடு வரை எதிலும் ஒரு குறை இல்லை. ஆனால் அத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் தையல்நாயகியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆவணி அமாவாசைக்கு அலமு மட்டும் வந்தாள், ஒரு தூக்குப் பாத்திரத்தில் பருப்பும் சோறுமாக. “அண்ணன் எங்க?” என்று தையல்நாயகி கேட்டாள். “இன்னான்னே தெரியல. இந்த வூட்டுப் பக்கம் வரச் சொன்னா கோவிச்சிக்கிறாரு” என்றாள் அலமு. அவள் குரல்கூட அன்றைக்குத்தான் தாழ்ந்து கேட்டது.

நாலு நாள் கழித்து அவரே வந்தார். தையல்நாயகி கூடத்தில் தறிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அரை முழம் பாக்கி இருந்த புடவை அப்படியே துணி போட்டு மூடிக் கிடந்தது. கலியாணசுந்தரம் எட்டத்திலேயே உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார். பிரித்தாள். ஏழெட்டு வெள்ளை மாத்திரைகள்.

“இது இன்னாண்ணா?”

“கந்தனோடது. மிச்சம்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாசி அமாவாசை, டாக்டர், சத்தியம், ஜரிகைப் பெட்டி, பலகை ஏன் மெதுவாக விழுந்தது, எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்பது போல மூச்சுவிடாமல் சொன்னார். தையல்நாயகி மாத்திரைகளை விரலால் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அன்னிக்கு சொன்னது...” என்றாள்.

“ஆமாம்மா.”

“அவரு சொன்னாரு. எங்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான்...” சட்டென்று நிமிர்ந்தாள். “உங்களுக்குத் தெரியுமில்ல? நெசம்னு தெரிஞ்சும் நீங்களும் சிரிச்சீங்களேண்ணா! ஏண்ணா சிரிச்சீங்க?”

கலியாணசுந்தரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “இன்னா சொல்லச் சொல்ற தங்கச்சி? நீ சிரிச்ச. நீ சிரிச்சி நாங்க சிரிக்காம இருந்தது உண்டா? அவன் சொன்னவுடனே நான் வாயத் தொறந்தேன், இவன் சொல்றது நெசம்னு சொல்லத்தான் தொறந்தேன். சிரிப்புதான் வந்திச்சி. ஒரு நிமிசம் எனக்கே அது பொய்யின்னு ஆயிடிச்சி. டாக்டருகிட்ட கூடப் போனவன் நான்.”

அவள் அவரைத் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்றுதான் அவர் வந்தார். கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் மாத்திரைகளைப் பொட்டலத்தில் திரும்ப வைத்து மடித்தாள்.

“நான் கண்ண மூடிக்கினு சிரிச்சேன்” என்றாள். “நீங்க பாத்திருப்பீங்க. அப்ப அவரு மூஞ்சி எப்டி இருந்திச்சி?”

கலியாணசுந்தரம் துண்டை எடுக்கவில்லை. “சிரிச்சிக்கினுதான் இருந்தான். உன்னப் பாத்துச் சிரிச்சிக்கினு இருந்தான். சந்தோசமாத்தான் இருந்தான்மா.”

“நெசமா சொல்றீங்களாண்ணா?”

அவர் துண்டை முகத்தில் இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டார்.

புரட்டாசியில் மங்கையர்க்கரசிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறு வருஷம் அலமு வந்து தறியில் பக்கத்தில் உட்கார்ந்தாள்; இருவரும் நெய்தார்கள். அமாவாசையும் மெல்லமெல்லத் திரும்பி வந்தது, வேர்க்கடலையும் வந்தது. தையல்நாயகி அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். சிரித்தாள். ஆனால் யார் என்ன சொன்னாலும், பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரன் சொன்னாலும், பேரன் ஓடிவந்து பள்ளிக்கூடத்தில் குரங்கு புகுந்துவிட்டது என்று சொன்னாலும், “நெசமா சொல்றியா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு, சொன்னவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ரொம்ப நேரம் பார்ப்பாள். அதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள்.